உப்புக் காற்றும் புது வண்டியும்

புதிய மோட்டார் வண்டியொன்று வீட்டு முற்றத்தில் வந்து நிற்பது ஒரு குடும்பத்தின் வாழ்வில் சிறிய நிகழ்ச்சி அன்று. நல்ல நாள் பார்த்துக் கோவிலுக்குக் கொண்டு சென்று, சக்கரங்களின் கீழ் தேசிக்காய் வைத்து, முகப்பிலே சந்தனமும் குங்குமமும் சாத்தி, சுற்றத்தார் புடைசூழ அதனை இல்லத்துக்கு அழைத்து வருகிறோம். நம் நாட்டில் இந்த மகிழ்ச்சி நெடுநாள் கிட்டாதிருந்தது. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தடைப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளைப் பொறுத்தமட்டில் 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேதான் மீண்டும் தொடங்கிற்று. காத்திருந்தவர்கள் பலர் கையிருப்பையும் கடனையும் ஒன்று சேர்த்து இப்பொழுது வண்டி வாங்கியிருக்கின்றனர். மட்டக்களப்பு நகரத் தெருக்களிலும் அந்தப் புதுமெருகைக் காண்கிறோம்.

வண்டி வந்த மறுவாரமே எழும் வினாக்கள் சில உள. மெழுகு பூசலாமா? எந்த மெழுகு நல்லது? எத்தனை நாள் சென்ற பின் பூச வேண்டும்? வினாக்கள் நல்லவையே. ஆயினும் அவற்றுக்கு முன்னதாகக் கேட்க வேண்டிய வினா வேறொன்று உண்டு. எந்தத் தண்ணீரால், எவ்வாறு, எவ்விடத்தில் வைத்துக் கழுவுவது என்பதே அது. மெழுகு வண்டியின் முகத்தைக் காக்கும்; கழுவுதலோ வண்டி முழுவதையும் காக்கும். இந்த முறைமை தெரியாமல் பளபளப்பை மட்டும் நாடுவோர், கடன் தீரும் முன்னரே அடித்தகட்டில் துருவைக் காண நேரிடும்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே

மட்டக்களப்பு வாவி வடக்கும் தெற்குமாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. ஞாயிறு படும் திசையிலுள்ள கரை படுவான்கரை; ஞாயிறு எழும் திசையிலுள்ளது எழுவான்கரை. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி முதலான எழுவான்கரை ஊர்கள் ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக ஒடுங்கிய மணல் நிலத்தில் அமைந்தவை. கண்ணுக்கு இனிய இவ்வமைப்பு இரும்புக்கு இனியது அன்று.

கரையிலே அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழிகள் வெடிக்கின்றன. அவற்றிலிருந்து தெறிக்கும் நுண்ணிய துளிகளைக் காற்று வாரிக்கொண்டு வருகிறது. வழியிலே நீர் ஆவியாகிவிட, உப்பு மாத்திரம் எஞ்சிக் கூரையிலும் மரத்திலும் வண்டியிலும் படிகிறது. கடற்கரையை அடுத்த வீடுகளில் காலையில் வண்டியின் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தால் விரல் பிசுபிசுக்கும். நாவில் வைத்தால் கரிக்கும்.

உப்பு தனியே இருந்தாலும் தீங்கு குறைவு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதே பெரிய கேடு. மாரி காலத்தில் அடுக்களையிலுள்ள உப்புச் சாடி கசிவதை இல்லத்தரசியர் அறிவர். தூய கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும்போது தானே நீராகக் கரையத் தொடங்கும். கடலுப்பிலே கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டு என்னும் பொருளுக்கோ 33 வீதமே போதும். நம் காற்று அந்த அளவுக்கு வறள்வது அரிது. ஆகவே கடலுப்புப் படிந்த தகடு வெயிலிலே காய்ந்தது போலத் தோன்றினாலும் உண்மையில் காய்வதில்லை. நனைந்த சீலையொன்றை இரவும் பகலும் அதன்மேல் போர்த்தி வைத்திருப்பதற்கு அது ஒப்பாகும்.

மாணவர்கள் இதனை வகுப்பறையிலே கண்டிருப்பர். ஓர் இரும்பாணியை உலர்ந்த குழாயிலும், இன்னொன்றைக் கொதித்தாறிய நீரில் எண்ணெய் மிதக்கவிட்டும், வேறொன்றைச் சாதாரண நீரிலும், மற்றொன்றை உப்பு நீரிலும் இட்டு வைக்கும் எளிய பரிசோதனையே அது. துரு ஏறுவதற்கு நீரும் ஒட்சிசனும் வேண்டும் என்பதனை முதலிரண்டு ஆணிகள் காட்டும். உப்பு சேர்ந்தால் அத்தொழில் விரைந்து நடைபெறும் என்பதனைக் கடைசி ஆணி காட்டும். உப்புக் கரைந்த நீர் மின்னோட்டத்தை எளிதிற் கடத்துவதே அதன் காரணம். எழுவான்கரையில் நிறுத்தி வைத்திருக்கும் ஒவ்வொரு வண்டியும் அந்தக் கடைசி ஆணியின் நிலையில் இருக்கிறது.

பூச்சு என்னும் கவசம்

இத்தகைய காற்றிலும் இரும்பு நெடுங்காலம் நிற்க முடியும் என்பதற்குச் சான்று நம் கண்முன்னே உண்டு. 1924 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்று, தேசாதிபதி மனிங்கின் துணைவியார் பெயரைத் தாங்கிய பழைய கல்லடிப் பாலம், 2013 ஆம் ஆண்டில் புதிய பாலம் வந்து பாரத்தை ஏற்கும் வரை வாவியின் உவர் நீருக்கு மேலே வாகனங்களைத் தாங்கி நின்றது. பரிசு நகரத்தில் 1889 ஆம் ஆண்டில் எழுந்த ஈபெல் கோபுரத்துக்கு ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை 60 தொன் அளவிலான பூச்சுப் பூசுகின்றனர். அழகுக்காக மட்டும் இத்தனை செலவு செய்வாரில்லை. இரும்புக்குப் பூச்சே கவசம். கவசத்திலே துளை விழுந்த இடத்திற்றான் பகை புகும்.

மோட்டார் வண்டியின் கவசம் எத்துணை மெல்லியது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆதியில் வண்டிகளுக்குக் குதிரை வண்டிக்கு இடும் வார்னிசையே பூசினர். அது உலர வாரக் கணக்காயிற்று. விரைவாக உலரும் கறுப்புப் பூச்சு ஒன்று கிடைத்தமையாலேதான் போர்ட் நிறுவனத்தின் 'ரி' மாதிரி வண்டி 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்திலேயே வெளிவந்தது. 1923 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டூக்கோ என்னும் விரைந்துலரும் பூச்சு மோட்டார் வண்டிக்குப் பயன்படத் தொடங்கிற்று. வாரங்களிற் செய்த வேலை மணித்தியாலங்களில் முடிந்தது, நிறங்களும் பெருகின.

இக்காலத்து வண்டியின் தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படைகள் உள்ளன. துருவைத் தடுக்கும் துத்தநாகமோ பொசுபேற்றுப் படிவோ முதலிற் கிடக்கும். மின்னேற்றம் செய்த தொட்டியிலே தகடு முழுவதையும் அமிழ்த்தி ஒட்டவைக்கும் அடிப்பூச்சு அதன்மேல் அமையும். அதன்மேல் சமப்படுத்தும் பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற தெளிபூச்சு. ஒரு மில்லிமீற்றரை 1000 கூறாக்கினால் வரும் ஒரு கூற்றை மைக்குரோன் என்பர். மேற்கூறிய பூச்சுகள் எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்குரோனுக்குள் அடங்கும். வெயிலையும் மழையையும் நேரே தாங்கும் தெளிபூச்சின் கனமோ 30 முதல் 50 மைக்குரோன் அளவே. நம் தலைமயிர் ஒன்றின் கனம் ஏறத்தாழ 70 மைக்குரோன் எனக் கொண்டால், மயிரினும் மெல்லிய ஒரு போர்வையை நம்பி அத்தனை பெறுமதியான பொருள் வெளியே நிற்கிறது என்பது விளங்கும்.

துலக்குதலும் காத்தலும்

வீட்டிலே குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்த்துத் துலக்குகிறோம். கறுத்திருந்த விளக்கு பொன்போல ஒளிர்கிறது. ஒவ்வொரு துலக்கலிலும் பித்தளையின் மேற்புறத்திலே ஒரு நுண்படை நீங்குவதனாலேயே அவ்வொளி வருகிறது. விளக்கு கனமானது, பேரப்பிள்ளைகள் காலம் வரை துலக்கினாலும் தேய்ந்துவிடாது. அந்தப் பழக்கத்தை வண்டிக்குக் கொண்டுவருவதே பிழை. கடைகளில் 'பொலிஷ்' என விற்பவற்றுட் பல, நுண்ணிய அராவு பொருள் கலந்தவை. அவை கீறலை மறைப்பது, கீறலைச் சுற்றியுள்ள தெளிபூச்சைத் தேய்த்துச் சமமாக்குவதனாலேயாம். எந்திரம் வைத்து அழுத்தித் தேய்த்தால் ஒருமுறைக்கு ஓரிரு மைக்குரோனோ அதனின் மேலோ போய்விடும். வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அத்தெளிபூச்சிலேதான் கலந்திருக்கிறது. அது மெலிந்த வண்டி சில ஆண்டுகளில் கூரையிலும் பொனற்றிலும் வெளிறித் தோலுரியும். ஆதலின் புது வண்டிக்குப் பொலிஷ் வேண்டுவதில்லை. மெழுகோ தேய்க்கும் பொருள் அன்று; மேலே படியும் பொருள். போத்தலில் எழுதியிருப்பதைப் படித்து இவ்விரண்டையும் பிரித்தறிந்து வாங்குதல் முதற் கடமை.

இதனினும் பெரிய தீங்கு நம் கையினாலேயே நாள்தோறும் நேர்கிறது. காலையில் புறப்படும் அவசரத்திலே பழைய பெனியன் ஒன்றை எடுத்து வண்டியின் மேலுள்ள தூசியை உலர்ந்தபடியே துடைத்துவிடுகிறோம். நம் கரையோர மணலிற் பெரும்பகுதி படிகக்கல் எனப்படும் குவார்ட்சு. கனிப்பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வகுத்த அளவையில் அது 7 ஆம் இடத்தது, கண்ணாடியையே கீறக்கூடியது. பிளாத்திக்கை ஒத்த தெளிபூச்சு அதற்கு எம்மாத்திரம்? வெயிலில் சாய்ந்து பார்க்கும்போது சிலந்திவலை போல வட்ட வட்டமாகத் தோன்றும் கீறல்கள் இவ்வாறு வந்தவையே. கச்சான் காற்று வீசும் காலத்தில் தூசி படிந்த வண்டியின் மேல் உறையை இழுத்துப் போர்த்துவதும் இத்தகையதே. உறை காற்றிலே அசைய அசைய, இடையிலுள்ள மணல் அரத்தின் வேலையைச் செய்யும்.

கழுவும் முறை

முதலில் தண்ணீரைத் தெரிதல் வேண்டும். எழுவான்கரையிற் கடலையும் வாவியையும் அடுத்த கிணறுகள் பல கோடையில் உவர்க்கும். உவர் நீராற் கழுவுதல், உப்பை நீக்க உப்பையே பூசுவதாகும். உன்னிச்சைக் குளத்து நீர் குழாய்வழி வரும் வீடுகளில் அந்நீர் நன்று. எனினும் அது குடிப்பதற்கென்று சுத்திகரித்த நீர். குழாயைத் திறந்து விட்டபடி கழுவுதல் முறையாகாது. நான்கைந்து வாளி நீர் ஒரு வண்டிக்குப் போதும். வடகீழ்ப் பருவ மழை பொழியும் மாதங்களிற் கூரைநீரைத் தொட்டியிலே பிடித்து வைப்போர் அதனைப் பயன்படுத்தலாம். மழைநீரிற் சுண்ணமும் உப்பும் மிகக் குறைவாதலால் அது காய்ந்தாலும் தழும்பு விடாது.

காலையிலோ மாலையிலோ, தகடு குளிர்ந்திருக்கும்போது, நிழலிலே கழுவுக. நண்பகல் வெயிலிற் கழுவினால் சவர்க்கார நீர் துடைக்கும் முன்னரே காய்ந்து படிந்துவிடும். முதலிலே கை வைக்காமல் தண்ணீரை மட்டும் மேலிருந்து கீழாக ஊற்றி மணலை ஓடவிடல் வேண்டும். பின்னர் இரண்டு வாளிகள் எடுத்துக்கொள்க. ஒன்றிலே வண்டிக்கென விற்கும் மென்மையான கழுவு திரவம் கலந்த நீர். மற்றதிலே வெறும் நீர். துணியை முதல் வாளியில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்ததும், இரண்டாம் வாளியில் அலசிப் பிழிந்த பின்னரே மீண்டும் முதல் வாளியில் இடுதல் வேண்டும். இரண்டாம் வாளியின் அடியிலே தங்கும் மணலைப் பார்த்தால் இம்முறையின் பயன் சொல்லாமலே விளங்கும். கூரை முதலில், கண்ணாடி, பொனற்று அடுத்து, கதவுகளின் கீழ்ப்பகுதி அதன் பின், சக்கரங்கள் கடைசியில், அதுவும் தனித் துணியால். தும்புத் தூரிகையும் தென்னந்தும்பும் வண்டியின் அருகே வரலாகாது. உடுப்புக் கழுவும் தூளும் வேண்டா. அதன் காரம் மெழுகை அகற்றிவிடும்.

இனி, பலரும் மறக்கும் பகுதிக்கு வருவோம். மழை வந்தால் வண்டியின் மேற்புறம் ஓரளவு தானே கழுவப்படும். சக்கரக் குழிகளின் உட்புறத்தையும் அடித்தகட்டையும் எந்த மழையும் கழுவாது. சக்கரம் வாரியடிக்கும் சேறும் உப்பும் அங்கேதான் அடைந்து கிடந்து ஈரம் காக்கின்றன. துரு பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது. ஆதலின் நீர்க்குழாயைக் கீழே பிடித்து நான்கு சக்கரக் குழிகளையும் அடிப்புறத்தையும் நன்கு அலம்புதல் வேண்டும். கதவுகளின் அடிவிளிம்பில் நீர் வடிவதற்கெனச் சிறு துளைகள் உண்டு. அவை சேற்றால் அடைபட்டிருந்தால் ஈர்க்கினால் மெல்ல நீக்குக. குருமண்வெளித் துறையிலே 'பாதை' என நம்மவர் வழங்கும் மிதவையில் வண்டியை ஏற்றி வாவியைக் கடந்தவர்களும், வெள்ளம் பாய்ந்த தெருக்களினூடாக ஓட்டி வந்தவர்களும், கடற்கரை மணலில் இறங்கியவர்களும் அன்றைக்கே அடிப்புறத்தை நன்னீரால் அலம்பிவிடுதல் நலம். அடித்தகட்டுக்குப் பழைய எஞ்சின் எண்ணெயோ டீசலோ தெளிக்கும் வழக்கம் விரும்பத்தக்கதன்று. அது இறப்பர் உறுப்புகளை ஊதச் செய்யும். சொட்டுச் சொட்டாக நிலத்திலும் விழும். அடிப்புறத்துக்கெனவே செய்த மெழுகுப் பூச்சுகள் கிடைக்கின்றன. எஞ்சின் அறைக்குள் மட்டும் நீரைப் பாய்ச்சுதல் ஆகாது.

கழுவி முடித்தவுடன் நுண்ணிழைத் துவாயொன்றை விரித்து ஒற்றி எடுத்து உலர்த்துக. பிறகு வண்டியை மெல்ல ஓட்டி இரண்டொருமுறை தடுப்பை அழுத்திப் பார்த்தபின் தெருவுக்குச் செல்க. நனைந்த தடுப்பு சிறிது நேரம் மந்தமாகவே பிடிக்கும்.

மெழுகின் கதை

பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதி வறண்ட நிலம். அங்கே விசிறி போன்ற ஓலையுடைய ஒருவகைப் பனை வளர்கிறது. கார்னோபா என்பது அதன் பெயர். கொடிய வெயிலிலே தன் ஓலையின் ஈரம் வற்றிப் போகாதிருக்க அம்மரம் ஓலையின்மேல் மெழுகைப் படியவிடுகிறது. ஓலையை வெட்டி உலர்த்தி அடித்து அம்மெழுகைத் தூளாக உதிர்த்தெடுக்கின்றனர். வண்டி மெழுகுகளுள் பெயர்பெற்றது இதுவே. தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகும். கார்னோபாவோ 82 முதல் 86 பாகை வரை தாங்கும். நம்மூர் நண்பகலிற் கருநிற வண்டியின் கூரை 70 பாகையையும் எட்டக்கூடும் என்பதை நினைந்தால், வெயிலுக்குப் பிறந்த மரத்தின் மெழுகு நம் வெயிலுக்கும் பொருந்துவதன் காரணம் புலனாகும்.

தாமரை இலைத் தண்ணீர் என்று பட்டும் படாமலும் இருப்பதைச் சொல்கிறோம். அவ்விலையின் மேற்புறத்திலும் மெழுகே உண்டு. அத்துடன் கண்ணுக்குப் புலப்படாத நுண்மேடுகளும் உண்டு. செருமனியத் தாவரவியலாளர் பார்ட்லொட்டு என்பார் இந்நுட்பத்தை ஆராய்ந்து, 1997 ஆம் ஆண்டில் உடனாய்வாளர் ஒருவருடன் வெளியிட்ட கட்டுரை உலகப் புகழ் பெற்றது. இலையிலே உருளும் நீர்த்துளி தூசியையும் உருட்டிச் சென்றுவிடும். மெழுகிட்ட வண்டியிலோ மேடுகள் இல்லை. துளிகள் திரண்டு நிற்கும், எல்லாம் உருண்டு போய்விடா. நின்ற துளி வெயிலிற் காய்ந்தால் அதிலிருந்த உப்பும் சுண்ணமும் வட்டத் தழும்பாகும். ஆதலின் மெழுகு பூசிய வண்டியையும் கழுவிய பின் துடைத்தே ஆகவேண்டும். மெழுகு கழுவும் வேலையை இலகுவாக்கும், இல்லாமற் செய்துவிடாது.

புது வண்டிக்கு மாதக்கணக்கில் மெழுகு பூசலாகாது என்ற எண்ணம் நம்மவரிடையே நிலவுகிறது. பூச்சு காற்றிலே மெல்ல உலர்ந்த பழங்காலத்துக்கு அது பொருந்திற்று. இக்காலத் தொழிற்சாலையில் பூச்சை 140 பாகை அளவிலான சூட்டில் வாட்டி இறுகச் செய்தே வண்டியை அனுப்புகின்றனர். எனவே கழுவி உலர்த்தியதும் மெழுகு பூசலாம். ஆனால் விபத்துக்குப் பின் கராச்சிலே மீளப் பூசிய பகுதிக்கு அவசரம் கூடாது. பூச்சிலுள்ள கரைப்பான் வெளியேற ஒன்று முதல் மூன்று மாதம் வரை விட்டு வைப்பது வழக்கம். பூசியவரையே கேட்டறிதல் நன்று.

பூசும்போது மிகுதியாக அப்புவதாற் பயனில்லை. நிழலிலே, ஒரு சாண் இரு சாண் அகலமான பகுதியாக எடுத்து, மென்மையான பஞ்சினால் மெல்லிய படையாகத் தடவி, அது மங்கலாக உலர்ந்ததும் தூய துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நம் வெயிலில் இயற்கை மெழுகு சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதங்கள் வரை நிற்கும். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் பாய்போலப் பரந்து கிடந்தால் மெழுகு தேய்ந்தது என்று அறிக. செயற்கைக் காப்புப் பூச்சுகள் இதனினும் நெடுநாள் நிற்கும். சிலிக்காவை அடிப்படையாகக் கொண்டு 'செராமிக்' என்னும் பெயரில் வரும் பூச்சு ஆண்டுக்கணக்கில் உழைப்பதும் உண்டு, விலையும் அதிகம். எதனைப் பூசினாலும் அடித்தகட்டிலுள்ள உப்பை அது கழுவாது. மண்ணெண்ணெயாலோ தேங்காயெண்ணெயாலோ துடைத்துப் பளபளப்பாக்குவது ஒரு நாளைய மினுக்கம். மறுநாள் தூசியெல்லாம் அதிலே ஒட்டிக்கொள்ளும்.

இடையிடையே நேரும் சிறு தீங்குகளுக்குக் காத்திருத்தல் ஆகாது. காகமும் நீர்க்காகமும் இடும் எச்சத்தில் அமிலம் உண்டு. வெயிலிலே இளகிய தெளிபூச்சில் அது பதிந்து தழும்பாகும். ஈரத்துணியைச் சிறிது நேரம் அதன்மேல் இட்டு ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். மங்கலமாகச் சாத்திய சந்தனத்தையும் குங்குமத்தையும் அன்று மாலையே நீர் தெளித்து மெல்ல எடுத்துவிடுதல் நலம். மஞ்சளும் சுண்ணமும் சேர்ந்த குங்குமம் வெண்ணிற வண்டியிலே கறையாகத் தங்கிவிடக்கூடும். காய்ந்தபின் நகத்தாற் சுரண்டினால் கீறல் மிஞ்சும். நிழலை நாடித் தென்னையின் கீழ் நிறுத்துவோருக்கு நாம் சொல்வது ஒன்றே: தேங்காயைத் தடுக்கும் மெழுகை இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

வாவி கழுவுமிடம் அன்று

இறுதியாக ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். வாவிக்கரையிலும் குளக்கரையிலும் வண்டியை இறக்கி நிறுத்திக் கழுவும் காட்சியைப் பல இடங்களிற் காண்கிறோம். நீர் அருகே இருக்கிறது, வாளி சுமக்க வேண்டியதில்லை, சிறுவர்களுக்கும் விளையாட்டாயிருக்கிறது. ஆனால் வாவி நீர் உவர் நீர். அதனாற் கழுவினால் வண்டிக்குக் கேடு. வண்டியிலிருந்து வடியும் எண்ணெயும் சவர்க்காரமும் வாவிக்குக் கேடு. சவர்க்காரப் பொருள்கள் மீனின் பூக்களைத் தாக்கும் தன்மையுடையன. எண்ணெய்ப் படலம் நீரின்மேல் பரந்து காற்றுக் கலப்பதைத் தடுக்கும். கோடையில் வாவியின் முகத்துவாரங்களை மணல் அடைத்துக்கொள்ளும் காலங்களில் உள்ளே சென்ற அழுக்குக் கடலுக்குப் போக வழியுமில்லை. அந்த நீரிலே வலை வீசியும் தூண்டிலிட்டும் இறாலும் நண்டும் மீனும் பிடித்துக் குடும்பம் நடத்துவோர் இரு கரையிலும் உள்ளனர். ஒருவருடைய வண்டியின் மினுக்கத்துக்கு மற்றொருவருடைய சோற்றுப் பானை விலையாகலாகாது.

வீட்டு முற்றத்திலே, கிணற்றுக்கும் தெருவோரக் கானுக்கும் எட்டவுள்ள புல் நிலத்தில் வைத்துக் கழுவினால், வடியும் சிறிதளவு அழுக்கை மண்ணே பெருமளவு தாங்கி வடித்துவிடும். வண்டி கழுவும் நிலையத்துக்குக் கொண்டு செல்வோர் அங்கு எண்ணெயைப் பிரித்தெடுக்கும் குழி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். கேட்பவர் பலரானால் இல்லாத இடத்திலும் அது உண்டாகும்.

சுருங்கக் கூறின், கடலோரத்தார் வாரம் ஒருமுறையும், உள்ளூரார் இரு வாரத்துக்கு ஒருமுறையும் நன்னீரால் மேலும் கீழும் கழுவுக. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகிடுக. உலர்ந்த துணியை ஒருபோதும் தொடாதொழிக. இதற்கு ஞாயிறு காலையில் ஒரு மணித்தியாலமும் சில வாளித் தண்ணீரும் போதும். தந்தை கூரையையும், மகன் சக்கரத்தையும், மகள் கண்ணாடியையும் பங்கிட்டுக்கொண்டால் வேலையும் இலகு. பிள்ளைகள் ஒரு பொருளை வாங்குவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை என்பதையும் கற்றுக்கொள்வர். 1971 ஆம் ஆண்டுடன் உற்பத்தி நின்றுபோன மொரிஸ் மைனர் வண்டிகள் இன்றும் நம் நாட்டுத் தெருக்களில் ஓடக் காண்கிறோம். அவற்றை ஓடச் செய்தது ஒருநாளைய பளபளப்பு அன்று. பல்லாண்டுகளாக அவற்றை வைத்திருந்தோரின் சலியாத கவனமே. இன்று முற்றத்தில் நிற்கும் புது வண்டிக்கும் அக்கவனத்தை அளிப்போமாக. அதைக் கழுவிய நீர் வாவியைச் சேராதவாறும் பார்த்துக்கொள்வோமாக.